மூன்றாம் பத்தி, நான்காம் வரி

தில்லி முனிர்காவில் ஜெகன் அண்ணனின் அறையில் எனக்கு ஏழாவது மாதிரி நேர்முகம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் பனியனுக்கு மேலே டை கட்டியிருந்தான். இடுப்பில் கட்டம்போட்ட சாரம். அறையில் அவனோடு தங்கியிருக்கும் நல்லசிவம் கூலருக்கு நேர் எதிரே உட்கார்ந்து நிபுணராக இருந்தான். கூலரின் காற்று முழுவதும் நிபுணருக்கே போனது.

"கதவத் தட்டிட்டு வா," என்றான் அண்ணன்.

"ரெண்டு தடவ தட்டியாச்சுண்ணா."

"போர்டுன்னா அப்படித்தான். மூணாவது தடவையும் தட்டு. மூஞ்சில எரிச்சல் தெரியுதான்னு பாப்பாங்க."

தட்டினேன். மூஞ்சியில் எரிச்சல் தெரிந்ததாக நல்லசிவம் ஒரு மதிப்பெண் குறைத்தான்.

ஜெகன் என் பெரியப்பா மகன். சிவில் சர்வீஸ் தேர்வுக்காக மூன்று வருடம் முன்பு அம்பாசமுத்திரத்திலிருந்து தில்லிக்கு வந்தவன். ஒரு முறை நேர்முகம் வரை போய்த் திரும்பியிருக்கிறான். அதனால் எங்கள் குடும்பத்தில் நேர்முகம் என்ற சொல்லே அவனுக்குச் சொந்தம். நான் தொல்லியல் எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்திருந்தேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். பதினைந்து இடங்களுக்கு நாற்பத்தெட்டுப் பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா ஒரு வருடம்தான் என்று சொல்லியிருந்தார். கிடைத்தால் தொல்லியல், கிடைக்காவிட்டால் வங்கித் தேர்வுக்குக் கோச்சிங். கோச்சிங் சென்டரின் பேம்ப்ளட் ஒன்று எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஏப்ரலிலிருந்தே கிடந்தது. அதன் மேல் நான் பால் பாத்திரத்தை வைப்பேன். எனக்குக் கிடைக்காது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அதற்குக் காரணம் என் தூண்டில்.

தூண்டில் என்பது முனிர்காவின் தொழில் ரகசியம். அங்கே வாடகை அறைகளில் இருக்கும் பரீட்சைக்காரர்கள் எல்லாரும் விண்ணப்பத்தில் எங்காவது ஒரு தூண்டில் போடுவார்கள். பொழுதுபோக்கு என்ற கட்டத்திலோ சாதனை என்ற கட்டத்திலோ விசித்திரமாக ஒன்றை எழுத வேண்டும். நேர்முகக் குழு அதைக் கவ்வும். நாம் ஏற்கெனவே படித்து வைத்திருக்கும் பதிலைச் சொல்ல வேண்டும். நல்லசிவம் மண்புழு வளர்ப்பு என்று போட்டிருந்தான். ஜெகன் அண்ணன் போட்டது பறவை நோக்குதல். அவனுக்குக் காக்கா தெரியும், புறா தெரியும். மற்றதெல்லாம் புத்தகத்தில் மனப்பாடம்.

என் தூண்டில் ஒரு பானை ஓடு.

மார்ச் மாதம் அண்ணனின் கட்டடத்துக்கு எதிரே ஓர் ஒற்றைமாடி வீட்டை இடித்துத் தூண்களுக்குக் குழி தோண்டினார்கள். உள்ளே எட்டிப் பார்த்தபோது சுவரில் சாம்பல் நிறத்தில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கி, வீட்டுச் சாவியால் நெம்பி எடுத்தேன். உள்ளங்கையில் பாதி அளவு. மெல்லியது. வெளிப்பக்கம் இரண்டு கறுப்புக் கோடுகள். கல்லூரிப் பாடத்தில் பார்த்த படம் அப்படியே நினைவுக்கு வந்தது. கறுப்புக் கோடு தீட்டிய சாம்பல் நிறப் பாண்டம், இந்தப் பக்கத்தில் மூவாயிரம் ஆண்டுப் பழமை. குழிக்குள் இருந்தபடியே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இத விட்டா வேற தூண்டில் கெடைக்குமா? போடு ஸ்டேட்மெண்டுல," என்றான் அண்ணன்.

போட்டேன். எதற்காகத் தொல்லியல் படிக்க விரும்புகிறீர்கள் என்ற ஒரு பக்கக் கட்டுரையில் மூன்றாம் பத்தி, நான்காம் வரி. ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள் இது: 'ஒரு மழை நாளில், மூவாயிரம் ஆண்டுகளாக எனக்காகக் காத்திருந்த ஒரு பானை ஓட்டை முனிர்காவின் மண்ணிலிருந்து எடுத்தேன்.'

அன்று மழை பெய்யவில்லை. வெயிலும் புழுதிக் காற்றுமாக இருந்தது. மழையை நான்தான் சேர்த்தேன். மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் எனக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். காலனியில் என் வயதுக்காரர்கள் தமிழ் எழுத்தைக் கோலம்போலப் பார்ப்பார்கள். நானோ எங்கெங்கோ நாடுகளின் நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டு, ஜூன் மாத வெயிலில் கம்பளிக் கோட்டுக்காரர்களோடு திரிவேன். அந்த நாவல்களில் முக்கியமான எதுவும் வெயிலில் நடப்பதில்லை. மழையோ பனியோ பெய்தாக வேண்டும்.

ஏழாவது மாதிரி நேர்முகத்தில் நல்லசிவம் கேட்டான்: "அந்த ஓடு எவ்வளவு ஆழத்துல இருந்துச்சு?"

"முழங்கால் ஆழம்."

"யார் முழங்கால்? உங்க முழங்காலா, என் முழங்காலா?"

அண்ணன் டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சரியான கேள்விலா கேட்டுட்டான். நாளைக்குக் காலையில போயி அளந்து, படமா வரஞ்சிட்டு வந்துரு. நம்பரும் படமும் காட்டுனா போர்டு அப்படியே மடங்கிரும்."

குழி இன்னும் திறந்தே கிடந்தது. வீட்டுக்காரர்களான அண்ணன் தம்பிக்குள் தகராறு. மூன்று மாதமாக வேலை நின்றிருந்தது. மறுநாள் காலை ஏழரைக்கு அம்மாவின் தையல் டேப், கிராஃப் தாள், நூல்கண்டு, பள்ளிக்கூடத்து ஸ்கேல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மண்சுவரை வரைவது எப்படி என்று கல்லூரிக் களப்பயணத்தில் மூன்று நாள் பார்த்திருக்கிறேன். குறுக்கே மட்டமாக ஒரு நூலைக் கட்ட வேண்டும். அதிலிருந்து மேலும் கீழும் அளந்து, மண்ணின் நிறம் மாறும் இடங்களைத் தாளில் குறிக்க வேண்டும். மேலே சிமெண்டும் செங்கல் துண்டுகளும். அதற்குக் கீழே விரல் கனத்தில் செங்கல் தூள், சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அறுபடாத சிவப்புக் கோடு. அதற்கும் கீழே பழுப்பு மண். பழுப்பு மண்ணில் என் ஓடு இருந்த பள்ளம் அப்படியே இருந்தது. சாவி கீறிய தடம்கூட இருந்தது.

அந்தப் பள்ளத்துக்கு நான்கு சென்டிமீட்டர் கீழே, அதே பழுப்பு மண்ணில், ஏதோ பளபளத்தது.

அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே வந்து குழியின் விளிம்பில் நின்றான்.

"அண்ணா, அந்த ப்ரஷ்ஷக் குடு."

"வாயில கெடக்குலா!"

"குடுண்ணா, ப்ளீஸ்."

துப்பிவிட்டுக் கொடுத்தான். சுவரிலிருந்து எதையும் பெயர்க்காமல் மண்ணை மட்டும் தட்டிவிட்டேன். ஊதா நிறத்தில் ஒரு மூலை, பிறகு ஒரு விளிம்பு. ஷாம்பூ சாஷே. விளிம்பில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தன: ஆகஸ்ட் 2011.

மண் கீழிருந்து மேலாகத்தான் சேரும். ஓடு மேலே, சாஷே கீழே. அப்படியென்றால் 2011 ஆகஸ்ட்டுக்குப் பிறகுதான் என் ஓடு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. மூவாயிரம் ஆண்டு எங்கும் காத்திருக்கவில்லை.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்," என்றான் அண்ணன் உடனே.

"எலி போயிருந்தா வளை தெரியணும். அந்த செவப்புக் கோடு எங்கயும் உடையல பாரு."

எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த, அண்ணனின் வீட்டுக்கார ஆண்டியிடம் இந்தியில் கேட்டேன், இங்கே எப்போதாவது மண் கொட்டினார்களா என்று. "அரே பேட்டா, இது முழுக்கப் பள்ளம். லாரி லாரியாக் கொண்டுவந்து கொட்டினாங்க, அப்புறம்தான் வீடு கட்டினாங்க. என் சின்னவன் பொறந்த வருஷம்," என்றார். சின்னவன் இப்போது ஏழாம் வகுப்பு.

அண்ணன் என் கையிலிருந்த கிராஃப் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியாக அவனுடைய ப்ரஷ்ஷைப் பார்த்தான்.

"சரி, இப்போ என்ன? சாஷேய நீ பாக்கவே இல்ல. அவ்வளவுதான். போர்டுல எவன் வந்து குழிக்குள்ள எறங்கப் போறான்?"

"நான் எறங்கிட்டேனே."

"லூசுப் பிள்ள. தூண்டில் போட்டுட்டு நீயே போயி மீன்கிட்ட, இதுல முள்ளு இருக்குன்னு சொல்லுவியா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. விண்ணப்பம் போய்விட்டது, திருத்த முடியாது. நேர்முகத்தில் அந்த வரியைத்தான் கேட்பார்கள். கேட்க வேண்டும் என்றுதானே எழுதினேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு விசித்திரமாக ஒன்று நடந்தது. பயம் வரவில்லை. ஓட்டை எடுத்த அன்று எனக்கு ஒரு படம்தான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு, யாரும் சொல்லித் தராமல், மண் ஒரு தேதியைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மூவாயிரம் ஆண்டுகளைவிட அந்த ஆகஸ்ட் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

எப்படிச் சொல்வது என்பதும் ஆர்.கே. புரம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. அப்பா ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் சாம்பாருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஃபைல் இருக்கும். அனுப்பிய ஆணையில் தவறு இருந்தால் அதைக் கிழிக்க மாட்டார்கள், மறைக்க மாட்டார்கள். கொரிஜெண்டம் என்று தலைப்புப் போட்டு ஒரு தாள் விடுவார்கள். இன்ன பத்தி, இன்ன வரி, இப்படி இருப்பதை இப்படிப் படிக்கவும். அவ்வளவுதான். கெஞ்சலும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பா முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"கொரிஜெண்டமா?" என்றார். "யாரு சுட்டிக்காட்டுனா?"

"யாரும் இல்லப்பா. நானேதான்."

"பின்ன எதுக்கு? இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல, கேக்காம வந்து கொரிஜெண்டம் குடுத்தவன நான் பாத்ததில்ல. மேல இருந்து கேப்பான். ரெண்டு ரிமைண்டர் வரும். அப்புறம்தான் குடுக்கணும். நீயா போயி மாட்டிக்கிடாத." கடைக்காரரிடம் திரும்பி, "பையா, யே தோ லக்டீ ஹை!" என்று, விறகாக முற்றியிருந்த முருங்கைக்காயைத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்குத்தான் சொல்லுதேன், கோச்சிங்ல சீட் இருக்கும்போதே..."

"கெடச்சிரும்ப்பா."

"எப்படிச் சொல்லுத?"

"அந்த நாப்பத்தெட்டுப் பேருல யாரு வந்தாலும், குழிக்குள்ள நான் பாத்தத அவங்க பாத்திருக்க மாட்டாங்க."

அவர் அப்பளக் கடைக்கு நடந்தார். அப்பளம் வாங்கினார், நல்லெண்ணெய் வாங்கினார். ஆட்டோவில் ஏறிய பிறகு, எனக்காக இல்லை, தாளுக்காகச் சொல்வதுபோல் சொன்னார்: "படத்தத் தனியாக் குடுக்காத. அனெக்சர்னு போட்டு நம்பர் குடு. கையெழுத்துக்குக் கீழ தேதி. எத்தன பேரு போர்டுல?"

"நாலு பேருன்னு ஜெகண்ணா சொன்னான்."

"அப்போ அஞ்சு காப்பி. ஒண்ணு உனக்கு."

நேர்முக நாளில் உள்ளே போவதற்கு முன் கதவை ஒரு முறைதான் தட்டினேன். உடனே வரச் சொன்னார்கள்.

உண்மையிலேயே நான்கு பேர். நடுவில் தலை நரைத்த அம்மா ஒருவர், அவர்தான் தலைவர். வலது ஓரத்தில் இருந்தவருக்குக் கழுத்தும் முன்னங்கையும் கருத்து, சட்டைக் காலருக்குள் வேறு நிறமாக இருந்தது. வெயிலில் தோண்டுகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. முதலில் பாடத்தில் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். பிறகு தலைவர் என் கட்டுரையை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு மழை நாளில், மூவாயிரம் ஆண்டுகளாக எனக்காகக் காத்திருந்த..." என்று வாசிக்க ஆரம்பித்தார். இடது பக்கத்து இருவரும் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"மேடம், அந்த வரிக்கு ஒரு திருத்தம் இருக்கிறது," என்று நான்கு தாள்களையும் மேசைமேல் வைத்தேன்.

தலைவர் அதையும் சத்தமாகவே வாசித்தார்.

"மூன்றாம் பத்தி, நான்காம் வரி. 'மழை நாளில்' என்று இருப்பதை 'வெயில் நாளில்' என்று படிக்கவும். 'மூவாயிரம் ஆண்டுகளாக எனக்காகக் காத்திருந்த' என்று இருப்பதை 'ஆகஸ்ட் 2011-க்குப் பிறகு லாரியில் வந்து சேர்ந்த' என்று படிக்கவும். ஆதாரம்: அனெக்சர் ஒன்று."

இந்த முறை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. நானும் சிரித்தேன்.

"அப்பா மத்திய சர்க்காரா?" என்றார் தலைவர்.

"ஆமாம் மேடம். செக்‌ஷன் ஆபீசர்."

வெயில்காரர் சிரிக்கவில்லை. அனெக்சரை, அதாவது என் குழிச்சுவர்ப் படத்தை, பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "சாஷேயை எலி இழுத்துப்போயிருக்கலாமே?"

என் அண்ணனும் இதையேதான் கேட்டான் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். அறுபடாத செங்கல் தூள் கோட்டைக் காட்டினேன். வளை இல்லை என்றேன். மண் கொட்டியதை எதிர் வீட்டுக்காரர் சொன்னதையும், ஆனால் அதைக் கேட்பதற்கு முன்பே நான் முடிவுக்கு வந்துவிட்டதையும் சொன்னேன்.

"சரி. ஓடு?"

"மண் வந்த காலம் தெரியும் சார். ஓட்டின் காலம் தெரியாது. லாரி எங்கிருந்து வந்ததோ அங்கே அது பழையதாகவும் இருந்திருக்கலாம், போன வருடத்துப் பூந்தொட்டியாகவும் இருந்திருக்கலாம். நான் அதைச் சாவியால் நெம்பி எடுத்துவிட்டேன். எடுக்கும் முன் அளக்கவில்லை, படம் எடுக்கவில்லை."

"சாஷேயைக் கொண்டு வந்திருக்கிறீர்களா?"

"இல்லை சார். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஸ்கேலோடு ஃபோட்டோ மட்டும் எடுத்தேன். ஒரே தப்பை இரண்டு முறை செய்ய வேண்டாம் என்று."

அவர் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். பிறகு பேனாவால் படத்தின் மேல் மூலையைத் தட்டினார். "வடக்கு எங்கே?"

பார்த்தேன். அளவுக்கோடு போட்டிருந்தேன், மண்ணின் நிறங்களைப் போட்டிருந்தேன், அப்பா சொன்ன தேதியைப் போட்டிருந்தேன். திசை போடவில்லை. திசை தெரியாத படம் எந்தச் சுவரின் படம் என்று யாருக்கும் தெரியாது. மாதிரி நேர்முகம் பத்து நடந்தும் ஒருவனும் இதைக் கேட்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். குழிக்குள் நின்றேன். காலை எட்டு மணி. டேப் சுவரில். கிராஃப் தாளின் மேல் என் தலையின் நிழல் விழுந்துகொண்டே இருந்தது. அதை விலக்க நான் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து வரைந்தேன். சாயங்காலம் அம்மா என் பிடரியைப் பார்த்துவிட்டுத் தயிர் தடவினாள்.

"வெயில் என் முதுகில் இருந்தது சார். காலை எட்டு மணி, ஜூன் மாதம். அப்படியென்றால் நான் மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வடக்கு என் வலது கைப் பக்கம்."

"உறுதியாகவா?"

"பிடரி உரிந்திருக்கிறது சார்."

அவர் தன் கழுத்தைத் தானறியாமல் தடவிக்கொண்டார். பென்சிலை என் பக்கம் உருட்டினார். நான் வடக்குக்கு ஓர் அம்புக்குறி போட்டேன். பக்கத்தில் தேதியும் போட்டேன். திருத்தத்துக்குத் திருத்தம்.

"மழையை எதற்காகச் சேர்த்தீர்கள்?" என்று தலைவர் கடைசியாகக் கேட்டார்.

"நிறைய நாவல் படிப்பேன் மேடம்."

"படியுங்கள். ஆனால் இங்கே வந்தால் ஜூனில்தான் தோண்டுவோம்."

வெளியே அண்ணன் கேட்டை ஒட்டி மோர் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தான். "தூண்டில் என்னாச்சு?" என்றான். "கடிச்சாங்க," என்றேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, வடக்கு வந்த இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பதினோரு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. பதினைந்து பெயர். ஒன்பதாவதாக பா. ஸ்வப்னா. அப்பா அதை ஆபீசில் பிரிண்ட் எடுத்து வந்து, பேனாவால் என் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டு, ஃப்ரிட்ஜின் மேலே இருந்த பேம்ப்ளட்டை எடுத்துவிட்டு அங்கே வைத்தார். "கேக்காம குடுத்த கொரிஜெண்டம்," என்று அம்மாவிடம் சொன்னார், ஏதோ அவரே ஆணையிட்டதுபோல.

அன்றும் மழை இல்லை. நாற்பத்துமூன்று டிகிரி.

சாயங்காலம் முனிர்காவுக்கு இனிப்போடு போனேன். அண்ணன் தம்பி தகராறு தீர்ந்திருந்தது. குழியில் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்குச் சுவரில் விளிம்புக்கு ஒரு சாண் கீழேவரை சாம்பல் நிறக் குழம்பு ஏறியிருந்தது. பழுப்பு மண், ஷாம்பூ சாஷே, சாவி கீறிய தடம், எல்லாம் உள்ளே போய்விட்டன. இனி அந்தச் சுவர் என் கிராஃப் தாளில் மட்டும்தான்.

ஜெகன் அண்ணன் மொட்டைமாடியில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். முதல்நிலைத் தேர்வில் தேறியிருந்தான், மறுபடி விண்ணப்பம் நிரப்ப வேண்டும். பொழுதுபோக்குக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"அந்த வயர் மேல இருக்கே, அது என்ன பறவை?" என்றான்.

பச்சையாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை. நீளமான அலகு. "தெரியலண்ணா."

"எனக்கும் தெரியல." அதைப் பார்த்துக்கொண்டே லட்டைத் தின்றான். பிறகு பறவை நோக்குதலை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். "சாம்பார் வைப்பேன். நல்லாவே வைப்பேன். அதையே போடுதேன். எவன் வேணும்னாலும் கேக்கட்டும்."

சமையல் என்று அடித்துவிட்டு நிமிர்ந்தான். "ஏ, பருப்ப எத்தன விசில் விடணும்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"எத்தன விட்டியோ அதச் சொல்லுண்ணா," என்றேன்.